சிற்றறையும் பலகை ஒலிபெருக்கியும்

முன்னுரை

இயல், இசை, நாடகம் என முத்திறமாக வழங்கும் தமிழுள் இசைத்தமிழின் பெருமையை நாம் நூல்களிற் படித்து மகிழ்கின்றோம். ஆயின், இந்நாளில் நம்மிற் பெரும்பாலோர் பாடுவோர் எதிரே அமர்ந்து இசை கேட்பதில்லை. கருவியின் எதிரே அமர்ந்தே கேட்கின்றோம். ஆதலின் தமிழ் மாணவர் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதுவது பிறர் புலத்திற் புகுதலாகாது என நம்புகின்றோம்.

பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கப் புகுந்தபொழுது, இசை பிறக்கும் நரம்பை முதலிற் கூறினாரல்லர். அதன் ஒலியைத் தாங்கிப் பெருக்கும் பத்தலையே முதலிற் கூறினார். பத்தல் என்பது யாழின் குடம். குடம் பழுதாயின் நரம்பு நல்லதாயிருந்தும் பயனில்லை. வீட்டில் ஒலிபெருக்கி வைத்து இசை கேட்போர்க்கு அவர் அமர்ந்திருக்கும் அறையே பத்தல் ஆகும். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றதினும் ஒரு சிறு நிகழ்ச்சியாற் கற்றதே மிகுதி. அதனையே ஈண்டு எழுதுகின்றோம்.

நிகழ்ச்சி

பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற பெரியார் ஒருவரிடம் இரண்டு பலகை ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆளுயரம், அகலம் ஏறத்தாழ 60 செ.மீ.; கனமோ ஒரு கதவின் கனமே. அவர் பணியிலிருந்தபொழுது குடியிருந்த பெரிய வீட்டின் கூடத்தில் அவை இனிது பாடின. ஓய்வு பெற்றபின் சிறு வீடொன்றிற் குடியேறினார். அவ்வீட்டின் முன்னறை நீளம் 4.2 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரமும் 3 மீட்டர். இடம் போதாமையால் பலகைகளைச் சுவரோடு சாய்த்தாற்போல, 15 செ.மீ. இடைவெளியில் நிறுத்தியிருந்தார்.

அவரிடம் ஒரு பழைய ஒலிப்பதிவு உண்டு. அவர் இளமையிற் பாடிய பாடற்குழுவின் பதிவு அது. உடன் பாடியவருட் பலர் இன்று இல்லை. புதிய வீட்டில் அதனைக் கேட்டபொழுது ஆண்குரல்கள் மெலிந்து தகரத்திற் பேசுவன போன்றிருந்தன; எக்குரல் எவருடையது எனப் பிரித்தறிய இயலவில்லை. "யானையைக் கொண்டுவந்து கன்றுக்குட்டிக் கொட்டிலிற் கட்டிவிட்டேன், தம்பி. இதை விற்றுவிடப் போகிறேன்," என்றார். "ஐயா, பதினைந்து நாள் பொறுத்தருளுங்கள்," என்று வேண்டி, எம் வகுப்பினர் இருவரும் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரும் ஆக மூவர் இதனை ஆராயத் தொடங்கினோம்.

பலகை ஒலிபெருக்கி என்பது யாது?

நாம் நாடோறும் காணும் ஒலிபெருக்கி ஒரு பெட்டி. அதன் முகத்திற் கூம்பு வடிவான தாள் ஒன்று உண்டு. தாளின் அடியிலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தின் இடையே முன்னும் பின்னும் அசைய, தாளும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியியலார் இருவர் இவ்வமைப்பைத் தெளிவுற வகுத்து வெளியிட்டனர். கூம்பின் பின்புறம் பிறக்கும் ஒலி முன்புறத்து ஒலியை அழித்துவிடாதபடி பெட்டி அதனை அடைத்து வைக்கின்றது.

பலகை ஒலிபெருக்கிக்குப் பெட்டி இல்லை. மிக மெல்லிய படலம் ஒன்று சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒருவகையில் அப்படலத்திற்கு உயர்ந்த மின்னழுத்தம் ஊட்டி, துளையிட்ட இரு தகடுகளின் நடுவே நிறுத்தி, மின்கவர்ச்சியால் அதனை அசைப்பர். இது நிலைமின் ஒலிபெருக்கி எனப்படும். மற்றொரு வகையில் படலத்தின்மேல் மெல்லிய கம்பிகளை ஒட்டி, எதிரே காந்த வரிசைகளை வைத்து அசைப்பர். இங்கிலாந்தில் ஹண்டிங்டன் நகரத்துப் பீட்டர் வாக்கர் என்பார் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி முதல் வகையிற் புகழ் பெற்றது. அது 1985 வரை செய்யப்பட்டது. அவரே 1963-இல் வேறொன்றைத் திட்டமிடத் தொடங்கிப் பதினெட்டாண்டு உழைத்து 1981-இல் வெளியிட்டார். இரண்டாம் வகையை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஜிம் வைனி என்பார் வளர்த்து, 1969-இல் மேக்னபேன் என்னும் தொழிலகம் நிறுவினார். பெரியாருடைய பலகைகள் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவை.

விசிறி கற்பிக்கும் பாடம்

பலகையின் இயல்பை உணர்தற்குப் பனையோலை விசிறி ஒன்று போதும். விசிறியை முன்னே தள்ளும்பொழுது முன்புறக் காற்று நெருக்குண்கின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்கின்றது. நெருக்குண்ட காற்று விசிறியின் விளிம்பைச் சுற்றி ஓடி நெகிழ்ந்த இடத்தை நிரப்ப முயல்கின்றது. விரைவாக வீசினால் அவ்வாறு ஓட நேரமில்லை. காற்று நேரே வரும். மெல்ல அசைத்தாலோ, முன்னது பின்னே ஓடி ஒன்றையொன்று அழிக்கும்.

பலகையும் இங்ஙனமே. உயர்ந்த சுரங்கள் விரைந்த அதிர்வுகளாதலின் இழப்பின்றி வெளிப்படுகின்றன. தாழ்ந்த சுரங்கள் விளிம்பைச் சுற்றி ஓடி அழிகின்றன. விளிம்பு எவ்வளவு தொலைவில் உளதோ அவ்வளவு தாழ்ந்த சுரம் வரையில் பலகை பாடவல்லது. பலகைகள் பெரியனவாக இருத்தற்கு இஃது ஒரு காரணம். படலம் சிறிது தொலைவே அசையுமாதலின், போதிய காற்றைத் தள்ளப் பரப்பு மிகுதி வேண்டும் என்பது மற்றொரு காரணம். ஆகவே பெருமை ஆடம்பரத்திற்காக வந்ததன்று, தேவையால் வந்தது.

இவ்வியல்பினின்று இன்னொரு நன்மையும் பிறக்கின்றது. விசிறியின் பக்கவாட்டில் நிற்பவருக்குக் காற்று வாராது. பலகையின் தளத்திலேயே பக்கத்தில் நிற்பவருக்கும் ஒலி மிகக் குறைவே. முன் ஒலியும் பின் ஒலியும் அங்கே சமமாகவும் எதிராகவும் வந்து அழிகின்றன. ஒலி பரவும் வடிவத்தை வரைந்தால் 8 என்னும் எண் போன்றிருக்கும். நடு இடுக்கிற் பலகை நிற்கும். பெட்டி ஒலிபெருக்கியைப் பக்கச் சுவரருகே வைத்தால் அச்சுவர் உடனே எதிரொலித்து இசையைக் குழப்பும். பலகையோ அச்சுவரை நோக்கிப் பாடுவதேயில்லை. எனவே அகலம் குறைந்த அறைக்குப் பலகை பகையன்று, நட்பே.

சுவரோடு ஒட்டியதனால் வந்த கேடு

அங்ஙனமாயின் பெரியார் வீட்டில் இசை கெட்டது எதனால்? பக்கச் சுவராலன்று, பின்சுவராலேயே என்பதை இனிக் காண்போம்.

விசிறியைச் சுவரோடு ஒட்டி வைத்து வீசினால் காற்று வருமோ? சுவரையடுத்த காற்று முன்னும் பின்னும் அசைய இடமின்றி நிற்கின்றது. அங்கே அதனை அசைக்க முயல்வது வீண் முயற்சி.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். ஒலி நம் நாட்டு வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும் எனக் கொள்வோம். பலகையின் பின்னே புறப்பட்ட ஒலி சுவரிற் பட்டுத் திரும்பி, முன்னே புறப்பட்ட ஒலியைப் பின்தொடர்ந்து கேட்போரை அடைகின்றது. அது கடக்கும் மிகைத் தொலைவு, பலகைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியின் இருமடங்கு. மேலும், அது தொடக்கத்திலேயே முன்னொலிக்கு எதிரானது என்பதை மறத்தலாகாது. இடைவெளி மிகச் சிறிதாயின் எதிரான இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கும்.

இடைவெளி 15 செ.மீ. ஆயின் மிகைத் தொலைவு 30 செ.மீ.; காலத்தாழ்வு ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. ஆண்குரலின் அடிச்சுரம் நொடிக்கு 100 அதிர்வு எனக் கொண்டு, சுவர் ஒலி முழுவதையும் திருப்பி அனுப்புவதாகவும் வைத்துக் கணக்கிட்டோம். அச்சுரத்தின் வீச்சு, சுவரே இல்லாதபொழுது இருக்கும் அளவிற் பாதியாகக் குறைந்தது. இடைவெளியை 1.2 மீட்டர் ஆக்கினால் காலத்தாழ்வு 7 மில்லி நொடி ஆகின்றது. அதே சுரம் ஒன்றரை மடங்குக்கு மேல் வலுப்பெறுகின்றது. ஆண்குரல் மெலிந்ததன் காரணம் இதனால் விளங்கிற்று. அறையின் சிறுமை அதனைத் தின்னவில்லை. சுவரின் அண்மையே தின்றது.

காலத்தாழ்வினால் வேறொரு பயனும் உண்டு. ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949-இல் ஓர் ஆராய்ச்சி செய்தார். ஓர் ஒலியும் அதன் எதிரொலியும் சில மில்லி நொடி இடைவிட்டு வந்தால், செவி முன்வந்ததன் திசையையே ஒலியின் திசையாகக் கொள்ளும். பின்வந்ததைத் தனியே உணராமல் முன்னதனோடு சேர்த்துக்கொள்ளும். ஒரு மில்லி நொடிக்குள் வந்தாலோ இரண்டும் கலந்து, பாடுவோர் நிற்கும் இடமே மயங்கும். பெரியார் குரல்களைப் பிரித்தறிய இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனத் துணிந்தோம்.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். 1.2 மீட்டர் இடைவெளியில் நொடிக்கு ஏறத்தாழ 144 அதிர்வுள்ள சுரத்திற்குப் பள்ளம் ஒன்று தோன்றுகின்றது. பலகையை எங்கு நகர்த்தினாலும் அப்பள்ளம் இடம் மாறுமேயன்றி முற்றும் நீங்காது. பலகையைச் சிறிது உள்நோக்கித் திருப்பினால், பின்னொலி மூலையை நோக்கிச் சென்று பல வழியாகச் சிதறி வருதலால் அப்பள்ளம் ஆழம் குறைகின்றது.

அறையின் சொந்தக் குரல்

ஒவ்வோர் அறைக்கும் தன் குரல் ஒன்று உண்டு. குளியலறையிற் பாடுவோர் இதனை நன்கு அறிவர். ஏதோ ஒரு சுரம் வரும்பொழுது அறை முழுவதும் முழங்கும். இரண்டு எதிர்ச்சுவர்களின் இடைவெளி ஓர் அலைநீளத்திற் பாதியாக அமையும் சுரமே அது. 4.2 மீட்டர் நீளத்திற்கு அச்சுரம் நொடிக்கு 41 அதிர்வு. 3 மீட்டர் அகலத்திற்கு 57½ அதிர்வு. உயரமும் 3 மீட்டரே ஆதலின் அதற்கும் அதே 57½. இங்ஙனம் இரண்டு அளவுகள் ஒத்திருத்தல் பெருங்குறையென்பர். ஒரே சுரத்தை இருவர் சேர்ந்து கூவுதல் போல அது முழங்கும்.

பெட்டி ஒலிபெருக்கி எல்லாப் பக்கமும் காற்றை நெருக்குமாதலின் மூன்று குரல்களையும் எழுப்பிவிடும். பலகையோ அறையின் நீளவாக்கிலேயே காற்றை அசைக்கின்றது. அகலத்திலும் உயரத்திலும் பெரிதும் தள்ளுவதில்லை. ஆதலின் இவ்வறையின் பெருங்குறை பலகையின் முன்னே பெரிதும் அடங்கிவிடுகின்றது. சிற்றறையில் பெட்டிகள் குமுறும்பொழுது பலகைகள் தெளிவாகப் பேசுதற்குக் காரணம் இதுவே.

எஞ்சியது நீளவாக்கின் குரல். அது சுவரோரத்தில் உரத்தும் அறையின் நடுவிற் குறைந்தும் கேட்கும். பெரியாரின் நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருந்தது. அதனை முன்னே கொணர்தல் வேண்டும். ஆயினும் நட்டநடுவே இட்டால் அச்சுரம் அறவே கேளாது. இரண்டிற்கும் இடையே ஓரிடம் தேடுதல் வேண்டும்.

வெற்றுச் சுவரும் போர்த்த சுவரும்

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடமொன்றிற் பேச்சு விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேல் ஒலித்துக்கொண்டிருந்தமையின் அடுத்த சொற்கள் அதன்மேல் வந்து மோதின. வாலஸ் சேபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் இதனைச் சீர்செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த வேறொரு கூடத்தின் மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஊதி, ஒலி அடங்கும் காலத்தை அளந்தார். அம்முயற்சியினின்று பிறந்த விதி இன்றும் வழங்குகின்றது. அறையின் கன அளவை 0.161-ஆற் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பின் அளவால் வகுத்தால், ஒலி அடங்கும் காலம் நொடிக் கணக்கிற் கிடைக்கும்.

பெரியாரின் அறை 37.8 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 68.4 சதுர மீட்டர். சுண்ணச் சுவரும் வழவழப்பான தரையும் தம்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கே விழுங்குவதாகக் கொண்டால், ஒலி அடங்க இரண்டு நொடிக்கு மேலாகும். ஒலியை முற்றும் விழுங்கும் 14 சதுர மீட்டருக்கு நிகராகக் கம்பளம், திரை, மெத்தை, நூலடுக்கு ஆகியவை அமைந்தால் அரை நொடிக்குள் அடங்கும்.

இதிலும் அளவு அறிந்து நடத்தல் வேண்டும். மெல்லிய திரை உயர்ந்த சுரங்களை மட்டுமே விழுங்கும், தாழ்ந்தவற்றைத் தீண்டாது. எல்லாச் சுவரையும் மெல்லிய துணியாற் போர்த்தினால் இசை இருண்டு போகும். திரையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத் தொங்கவிட்டால் அது இன்னும் சிறிது தாழ்ந்த சுரம் வரையிற் பயன்படும். சுவரோரக் காற்று அசையாது, விலகிய இடத்துக் காற்றே அசையும் என்று மேலே கண்ட உண்மையே இதற்கும் காரணம். பலகையின் பின்சுவரை முற்றும் போர்த்துதலும் நன்றன்று. பின்னொலி பலகையின் குறையன்று. காலம் தாழ்த்தும் சிதறியும் வருமாயின் அதுவே இசைக்கு ஆழம் தருவது. அதனைச் சிதறச் செய்தற்கு எம்மனோர்க்கு எளிதிற் கிடைக்கும் பொருள் நூலடுக்கே. பெரிதும் சிறிதுமாக, உள்ளும் வெளியுமாக அடுக்கிய நூல்கள் உயர்ந்த சுரங்களைப் பல திசையிலும் சிதறுவிக்கும். இலக்கண நூல்கள் இசைக்கு உதவும் வகையுள் இதுவும் ஒன்று போலும்!

யாம் செய்தது

பெரியாரின் இசைவு பெற்று யாம் செய்தன இவை. பலகைகளைப் பின்சுவரினின்று 1.2 மீட்டர் முன்னே கொணர்ந்தோம். ஒன்றன் நடுவுக்கும் மற்றொன்றன் நடுவுக்கும் இடையே 1.8 மீட்டர் விட்டோம். இதனால் வெளி விளிம்புகள் பக்கச் சுவர்களினின்று 30 செ.மீ. தொலைவில் நின்றன. இரண்டையும் சிறிது உள்நோக்கித் திருப்பினோம். நாற்காலியைப் பின்சுவரினின்று ஒரு மீட்டர் முன்னே இட்டோம். பலகைகளுக்கும் நாற்காலிக்கும் இடையே 2 மீட்டர் இருந்தது. பலகைகளின் பின்னே, சுவரோரமாக, அவருடைய நூலடுக்கை நகர்த்தி வைத்தோம். தரையிற் கம்பளம் விரித்தோம். செலவு ஒன்றும் இல்லை.

ஆயினும் ஒரு தடை எழுந்தது. அவ்வறை இசைக்கு மட்டும் உரியதன்று; வருவோர் அமர்வதும், வீட்டார் உண்பதும் அங்கேயே. 1.2 மீட்டர் இடத்தை என்றும் பலகைக்கே விட்டுவிட இயலுமோ? அதற்கு அவ்வீட்டு அம்மையாரே வழி கூறினார். "மாலையில் ஒரு மணி நேரம் முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்; பிறகு பழையபடி தள்ளிவிடுங்கள். பாயை விரிப்பதும் சுருட்டுவதும் போலத்தானே?" என்றார். பலகை நிற்க வேண்டிய இடத்தில் தரையிற் சுண்ணக்கட்டியாற் கோடு கிழித்து வைத்தோம். பின்னர் அளவுகோல் வேண்டாதாயிற்று.

அன்று மாலை அப்பழைய பதிவை மீண்டும் கேட்டோம். முழுமை வந்தது என்று மிகைப்படக் கூற மாட்டோம். ஆர்கனின் 16 அடிக் குழல் எழுப்பும் நொடிக்கு 33 அதிர்வான ஒலி இப்பலகைகளுக்கு எட்டாது. அதனை விரும்புவோர் தாழ்சுரத்திற்கென்று தனிப்பெட்டி ஒன்று சேர்த்தல் வேண்டும். பெருங்கூட்டத்தின் முழக்கத்தையும் இவ்வறையில் எதிர்பார்த்தல் இயலாது. நாற்காலியினின்று இரண்டடி விலகினாலும் குரல்களின் இடம் பிறழ்கின்றது. ஒருவர் கேட்பதற்கே இவ்வமைப்பு உரியது. ஆனால் ஆண்குரல்கள் தம் உடலோடு திரும்பி வந்தன. பாடியோர் வரிசையாக நின்றது விளங்கிற்று. பெரியார் கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கத்தினின்று தொடங்கி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காம் பெயரைச் சொன்னபின் நிறுத்திவிட்டார். யாமும் ஒன்றும் பேசவில்லை.

பலகைகள் விற்கப்படவில்லை.

முடிவுரை

சிற்றறைக்குப் பெரிய பலகை பொருந்தாது என்பது பலர் கூற்று. யாம் கண்டது வேறு. பலகையின் உயரமும் அகலமும் தடையாகவில்லை. பக்கச் சுவர் நெருங்கியிருப்பதை அது பொறுத்துக்கொள்கின்றது; அறையின் முழக்கத்தையும் பெட்டியைப்போல் எழுப்புவதில்லை. அது கேட்பது ஒன்றே: தன் முதுகின் பின்னே சிறிது வெற்றிடம். அவ்விடத்தைக் கொடாமல் அதனைப் பழிப்பது முறையன்று. ஒரு மீட்டருக்குக் குறையாமற் கொடுக்க முடியுமாயின் கொடுத்துப் பார்க்க. என்றும் கொடுக்க இயலாதாயின் கேட்கும் பொழுதேனும் கொடுக்க. அதுவும் இயலாதோர் பெட்டி ஒலிபெருக்கியே கொள்க, அதில் இழுக்கில்லை.

இதனைப் படிக்கும் அன்பருள் எவரேனும் தம் வீட்டுக் கருவியின்மேற் குறை கண்டு அதனை விற்கவோ எறியவோ எண்ணியிருப்பின், அவரிடம் யாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. முதலில் அதனைச் சுவரினின்று நகர்த்துக. தம் நாற்காலியையும் நகர்த்துக. பின்னர் ஒரு முறை கேட்டுவிட்டு முடிவு செய்க. நரம்பைப் பழிக்குமுன் பத்தலை நோக்குதல் நம் பண்டைப் புலவர் காட்டிய வழியன்றோ?